பூ பொறுக்கிய இருபது நிமிடம்

போன சனிக்கிழமை காலை, ஓசூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன விமானத்தின் அடியில் முட்டி போட்டு ரோஜா இதழ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக... ஒன்று விடாமல். எனக்குப் பக்கத்தில், அந்த விமானத்தை ஓட்ட வேண்டிய முனிரத்தினம். அந்தப் பக்கம், பட்டுப் புடவை கசங்க, அவர் மனைவி சரோஜா.

சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. சொல்கிறேன்.

முனிரத்தினம் என் பழைய நண்பர். பாகலூர்க்காரர். சிப்காட்டில் சின்னதாக லேத் பட்டறை. ஐம்பது வயதில் போய் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினார். மாதம் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ளையிங் கிளப்பின் இரண்டு சீட் விமானத்தில் ஒரு சுற்று. மனிதருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

எட்டு வருடமாக மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சரோஜா அசையவில்லை. "ரெண்டு பேரும் மேல போயி ஏதாச்சும் ஆச்சுன்னா, பொண்ண யாரு பாத்துக்குவாங்க?" என்பார். போன மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. மறுவீட்டு விருந்துக்கு வந்தவர்கள் கிளம்பிய கையோடு சரோஜாவே கேட்டாராம்: "எப்ப போலாம்?"

கேட்ட நேரம் சரியில்லை. பைலட்டுகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. இவருடைய சர்டிபிகேட் அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. முப்பது வருடப் பட்டறைச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. போன தடவையே விளிம்பில்தான் பாஸ். அடுத்தது கிடைக்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். ஆக, சனிக்கிழமைக்குள் பறந்தால் உண்டு. இல்லையென்றால் வாழ்நாளில் இல்லை.

இதில் என்ன கஷ்டம், ஏறி உட்கார்ந்து கிளம்ப வேண்டியதுதானே என்று நானும் நினைத்தேன். நம் கால் நிற்பதுதான் தமிழ்நாட்டில் — தலைக்கு மேல் இருக்கும் வானம் பெங்களூர் கன்ட்ரோலில். கால் மணி நேரம் சுற்றி வருவதற்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு வான் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு அனுமதி நம்பர் வர வேண்டும். நம்பரில் நேரமும் இருக்கும். அது தவறினால் மறுபடி முதலிலிருந்து.

புதன்கிழமை பட்டறையை மூடிவிட்டு இரண்டு பேரும் கிளப்புக்குப் போனார்கள். நம்பர் வரவில்லை. காரணம் கேட்டால், பாதுகாப்பு. என்ன பாதுகாப்பு? அதைச் சொல்ல மாட்டார்கள், அதுவும் பாதுகாப்பு! வியாழனும் அதே கதை. வெள்ளியன்று பெங்களூருக்கு யாரோ முக்கியப் புள்ளி வருகை. வானத்தையே மூடிவிட்டார்கள்.

"தெனம் சீவி சிங்காரிச்சிகினு வந்து, ஷெட்டுல உக்காந்துட்டுப் போறேண்ணா," என்றார் சரோஜா.

சனிக்கிழமை நானும் போனேன். சும்மா போயிருக்கலாம். ஓசூர் மார்க்கெட்டில் ஒரு ரோஜா மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம் வாங்கிக்கொண்டு போனேன். புது வண்டி எடுத்தால் செய்வோமே, அந்த நினைப்பு. கேட்டில் செக்யூரிட்டி கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். பூவை விட்டுவிட்டார்.

ஒன்பதரைக்கு நம்பர் வந்தது! பத்து மணிக்குள் மேலே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி மூடல். முனிரத்தினம் கிட்டத்தட்ட ஓடினார். நான்தான் தடுத்தேன். "ரெண்டே நிமிஷம்யா. மொதத் தடவ தங்கச்சி ஏறுது."

விமானத்தின் மூக்கில் மாலையைச் சாத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கையாலேயே தள்ளினோம். பழம் நசுங்கியது. மாலையின் நாரும் அறுந்தது. ஓசூர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? தரையெல்லாம் ரோஜா.

பாதுகாப்பு அலுவலர் ஓடி வந்தார். "இன்னா சார் இது? இஞ்சின் உள்ள இழுத்துக்கினா யாரு பதில் சொல்றது? ஒரு இதழ் கெடந்தாலும் ஸ்டார்ட் பண்ண விட மாட்டேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பொறுக்கினோம். காற்று அடிக்கிறது, இதழ் ஓடுகிறது, பின்னாலேயே நாங்கள். முனிரத்தினம் வாட்சைப் பார்ப்பார், பொறுக்குவார். கடைசி இதழை எடுத்து நிமிர்ந்தபோது அலுவலர் கையிலிருந்த வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டார்கள். நேரம் முடிந்தது.

முனிரத்தினம் மறுபடி நம்பர் கேட்டார். ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம், இன்றைக்கு இனி இல்லை என்றார்கள். "சரி விடுய்யா," என்றார் என்னைப் பார்த்து. திட்டியிருக்கலாம்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒரு மனிதனின் கடைசி ஆசை இருபது நிமிடத்தில் தொங்குகிற நிலைக்கு வந்தது எப்படி? பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. பெரிய விமானம் ஒரு மணி நேரம் லேட்டானால் டிவியில் செய்தி. இரண்டு சீட் விமானம் நாலு நாள் நின்றால் யாருக்குத் தெரியும்? கோபப்படக்கூட ஒரு ஆள் அகப்படவில்லை எனக்கு. எல்லாரும் ரூல்படிதான் நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் சரோஜாவுக்குப் போன் செய்தேன். "பெங்களூர்ல இருந்து ஹைதராபாத்துக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஃப்ளைட் டிக்கெட் போடறேம்மா. ஜன்னல் சீட்டு. போய்ட்டு வாங்க."



"வேணாண்ணா. மேல போறதுல எனக்கு என்னா ஆச? எட்டு வருசமா ஓட்டிட்டு சந்தோசமா வீட்டுக்கு வருவாரு. அங்க ஓட்டறப்ப அவரு மூஞ்சி எப்பிடி இருக்கும்னு பக்கத்துல உக்காந்து ஒரு தடவ பாக்கணும்னு இருந்திச்சு. அவ்ளோதான்."

"சரிம்மா," என்றேன். போன் கட் ஆன பிறகும் இன்னொரு தடவை சொன்னேன்.