படிக்கட்டில் நடந்த வழக்கு

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவுக்குச் சட்டம் தெரிகிறதோ இல்லையோ, மாடி ஏறத் தெரிந்திருக்க வேண்டும். ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கிய சக குமாஸ்தாக்கள் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஃபிஜித் தீவில், லம்பாசா ஊரின் நசியா கடைத்தெருவில், எங்கள் ஆபீஸும் மாடியில்தான் இருந்தது.

அடிப்படியில் ஆபீஸ்

வீரம்மா அக்கா பக்கத்துப் புலிலேகா கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். சிறு வயதில் போலியோ வந்ததிலிருந்து கக்கத்தில் இடுக்கிய இரண்டு கட்டைகள்தான் அவருக்குக் கால். எதிரே ஹார்டுவேர் கடையில் பதினோரு வருஷம் டெலிபோன் எடுத்தவர். கடைக்காரர் ஆபீஸை மாடிக்கு மாற்றினார். "உன்னால் ஏற முடியாது" என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வழக்குப் போட வந்தால் வக்கீலும் மாடியில்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வக்கீல் இறங்கி வந்து அடிப்படியில் உட்கார்ந்தார். வெளியே மழை. கரும்பு மில்லின் பாகு வாசனை தெருவெல்லாம் மிதந்தது. நான் பாதித் தூக்கத்தில் எழுதுவதுபோல வாக்குமூலம் எழுதினேன். ஈரக் காகிதத்தை எட்டிப் பார்த்து அக்கா சிரித்தார்:

"என் கேஸே இந்தப் படிதானே தங்கச்சி, வேற சாட்சி எதுக்கு?"

கர்ச்சா

வக்கீல் ஃபீஸ் கேட்கவில்லை. ஜெயித்தால் எங்கள் செலவைக் கடைக்காரரே கட்டும்படி கோர்ட் உத்தரவு போடும். தோற்றால் கடைக்காரருடைய வக்கீல் செலவு அக்கா தலையில் விழலாம். செலவுக்கு நம் ஊர் ஹிந்தியில் எல்லாரும் சொல்லும் 'கர்ச்சா' என்ற வார்த்தையை வைத்து நான்தான் விளக்கினேன்.

அக்கா கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். போனில் அவர் "ஹலோ" என்றால் கனவில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும். அந்தக் குரலிலேயே சொன்னார்:

"எங்கிட்ட இருக்கறது இந்தக் கொரல்தான். கர்ச்சாவுக்கு அத ஜப்தி பண்ண முடியாதில்ல? கேஸப் போடு."

காலியான கடை

அதற்குள் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். நசியாவில் வாரம் ஒரு கடைக்குப் பூட்டு விழுந்தது. பயந்துபோன நம்மவர்கள் ஆக்லாந்து, பிரிஸ்பேன் என்று கிளம்ப, தெருவே மெல்ல மெல்லக் கரைந்தது. நேற்று பேசிய மனிதர் இன்று இல்லை.

"கீழே இடமே இல்லை" என்பதுதான் கடைக்காரரின் வாதம். ஹார்டுவேர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த தையல்காரரும் குடும்பத்தோடு விமானம் ஏறினார். காலிக் கடையை எங்கள் வக்கீல் கடைசி விசாரணையில் எடுத்துக் காட்டினார். தீர்ப்புக்குக் காத்திராமல் அவரும் பிரிஸ்பேன் போய்விட்டார். தீர்ப்பை நான்தான் வாங்கினேன்: அக்காவுக்குக் கீழே இடம் ஒதுக்கி வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வழக்குச் செலவையும் கட்ட வேண்டும்.

அக்கா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் போய்ப் பார்த்தேன். தையல்காரரின் சுண்ணாம்புக் கோடுகள் இன்னும் மேஜையில் இருந்தன. அவற்றின்மேல் டெலிபோன். அக்கா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்:

"எல்லாரும் பிளேன் ஏறிப் போனாங்க தங்கச்சி, எனக்கு ஆபீஸே எறங்கி வந்திருச்சு."

ஜெயித்தவர் கீழே நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார், வாதாடியவர் கடல் தாண்டிவிட்டார், கர்ச்சா செக்கைத் தூக்கிக்கொண்டு பூட்டிய ஆபீஸுக்கு மாடி ஏறியது மட்டும் இந்தக் குமாஸ்தாதான்.