ரொட்டி சானாய் கடையில் நாற்பது பேர்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாகுல் பாய் போன் செய்தார். எங்கள் மலையூர் திரிங்காப்பில் ரொட்டி சானாய், அதாவது பரோட்டா மாதிரி ரொட்டி, போடும் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். குரலில் பெருமை வழிந்தது.

"அக்கா, விசா ஆபீஸ்லேர்ந்து கடைக்கு கால் பண்ணாங்க. யாழினி இங்கதான் இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். இந்த அட்ரஸ்ல மொத்தம் எத்தனை பேருன்னாங்க. ஒரு நாப்பது பேரு இருக்கும்னேன். எல்லாம் கிளியரா பேசிட்டேன் லா."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என் மகள் யாழினிக்கு வெளிநாட்டில் தோட்டக்கலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன்... அவள் இன்னும் விமானம் ஏறவில்லை, எனக்கு எதற்கு வம்பு? மாதக்கணக்கில் ஃபாரம் நிரப்புகிறோம். மெடிக்கல் ரிப்போர்ட், பேங்க் கடிதம், போலீஸ் கடிதம் — ஒன்றை அனுப்பினால் இரண்டு கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டையும் அவர்களிடமே கொடுத்தாகிவிட்டது. சிரித்துக்கொண்டே திரிந்த பெண், ஈமெயில் சத்தம் கேட்டாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறாள்.

அதிலும் முகவரிதான் பெரிய கூத்து. எங்கள் வீடு மலைச்சரிவில், பூந்தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. லோரி ஏறி வரும் மண் பாதைதான் தெரு. அதற்குப் பெயரும் இல்லை, வீட்டுக்கு நம்பரும் இல்லை. தபால்காரர் ஏற மாட்டார். அதனால் எங்கள் சரிவில் இருக்கும் நாற்பது பேருக்கும் கடிதம் பாய் கடைக்குத்தான் வரும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டில் செருகி வைப்பார். சாப்பிட வரும்போது எடுத்துக்கொள்வோம். விசா ஃபாரத்திலும் அந்தக் கடை முகவரியைத்தான் எழுதினோம். இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை — விசா அதிகாரிக்கு வரும் வரை.

சாயங்காலமே ஈமெயில். ஒரு கடையில் நாற்பது பேர் எப்படி வசிக்கிறீர்கள்? நாளை காலை அதே முகவரியிலிருந்து வீடியோ காலில் வந்து காட்டவும். விளக்கம் சரியில்லை என்றால் விசா இல்லை.

"முடிஞ்சிச்சும்மா," என்றாள் யாழினி. அழவில்லை. ஃபாரங்களை அள்ளி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"நாம என்ன பொய்யா சொன்னோம்? உள்ளதைக் காட்டு, போ." தைரியமாகத்தான் சொன்னேன். அன்று ராத்திரி எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடையில் உட்கார இடமில்லை. செய்தி பரவாமல் இருக்குமா? போனில் விசா அதிகாரியாக ஒரு வெள்ளைக்கார அம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை. நீ எங்கே தூங்குகிறாய் என்பதுதான் முதல் கேள்வி.

யாழினி வாய் திறப்பதற்குள் பாய் போனை வாங்கித் தபால் தட்டைக் காட்டினார். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து வந்து, தன் கடிதத்தை வாங்கி, அந்த அம்மாவுக்குக் காட்டி, ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனார்கள். தக்காளி லோரி ஓட்டும் அண்ணனுக்கு டிராஃபிக் சம்மன் வந்திருந்தது. அதையும் சந்தோஷமாகக் காட்டினார்.

யாழினி வெளியே வந்து, மலைமேல் தெரியும் எங்கள் தகரக் கூரைக்குப் போனைத் திருப்பினாள். நான் தூங்குவது அங்கே, என் கடிதங்கள் தூங்குவதுதான் இங்கே என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். யாழினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

ஆபீஸ்களுக்கு நம் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நாம் வாழும் விதத்துக்கு அவர்கள் ஃபாரத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். கட்டத்துக்குள் அடங்காததை நேரில் காட்டிவிடுவது நல்லது.

அன்று போனை வைப்பதற்கு முன், அந்த அம்மா பாயிடம் ஒன்று சொன்னார் — பாஸ்போர்ட் கொரியரில் வரும், ஆளைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை விசா கிடைத்துவிட்டதாக ஈமெயில். நேற்று பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று பாய் போன் செய்தார். போட்டது போட்டபடி ஓடினோம். பாய் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து தெரிந்த பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐ.சி. காட்டு பாப்பா. அடையாள அட்டை பாக்காம குடுக்கக்கூடாது."

அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.