எந்தக் கட்டி

அஞ்சலாட்சி என் சித்தப்பாவின் மகள். பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிறாள். கணவன் மறைந்த பின் மகள் சரிதாவைப் படிக்க வைத்தது அந்தக் கடைதான். நாள் முழுவதும் முதுகு வளையாமல் அமர்ந்து பூத்தொடுப்பவள், சென்ற மழைக்காலத்தில் மேல்வயிற்று வலி முதுகுவரை ஊடுருவியபோது, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து உட்காரத் தொடங்கினாள். அப்படி இருந்தால் மட்டுமே வலி சற்றுத் தணிந்தது.

பக்கத்துக் கடை செல்வாம்பாள் அதைக் கவனித்துவிட்டாள்.

"என்னாடி, உங்கண்ணனாட்டமே குந்திக்கினு இருக்கற? ஆவி கீவி புகுந்துக்கிச்சா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அஞ்சலாட்சியின் கையிலிருந்த நார் நழுவியது.

அவளுடைய அண்ணன் பெயர் பாவாடை; தவளக்குப்பத்தில் லாரி ஓட்டியவர், மாலையானால் குடிப்பவர். இப்படியே குனிந்து, தலையணையை வயிற்றில் அழுத்தியபடி இறந்தவர். ஸ்கேன் எடுத்த இடத்தில் கணையத்தில் கட்டி என்றார்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றபோது அவர் எழுந்துவிட்டார்.

"கட்டின்னுட்டாங்க இல்ல, அப்புறம் என்னாத்த பாக்கறது? எழுந்திரு அஞ்சல, பஸ்ஸு போயிடும்."

எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்குப் புற்று என்பது தவிர வேறு பொருள் இருந்ததில்லை. அவரை மறுபடி அழைத்துச் செல்ல ஒருவரும் முனையவில்லை.

செல்வாம்பாள் கேட்ட நாளிலிருந்து, கடைக்குப் பின்னுள்ள தூணருகே அண்ணன் குந்தியிருப்பதை அஞ்சலாட்சி கண்டாள். "என்னைப் பாக்கல. தரையத்தான் பாத்துக்கினு இருந்துச்சு" என்றாள் என்னிடம்.

சரிதாவும் நானும் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் அதே சொல்லைச் சொன்னார். அஞ்சலாட்சி எழுந்து செருப்பைத் தேடினாள்.

"உக்காரும்மா. நீயும் மாமா மாதிரி ஓடாத" என்று சரிதா கையைப் பிடித்தாள்.

"எல்லாக் கட்டியும் ஒண்ணு இல்லம்மா" என்றார் மருத்துவர். "எந்தக் கட்டின்னு உள்ள போய்ப் பாக்கணும்."

மயக்க மருந்து கொடுத்து வாய்வழியே குழாயை இறக்கினார்கள். அதன் நுனியில் கேமராவும், ஒலியலையால் படமெடுக்கும் கருவியும் உண்டு. இரைப்பைக்குள் இருந்தபடியே, சுவருக்கு அப்பால் உள்ள கணையத்தை அது அருகில் காட்டும். காட்டியது நீர்க்கட்டி. பித்தப்பைக் கல்லால் கணையம் வீங்கி, கசிந்த நீர் தேங்கியிருந்தது. ஊசியால் நீரெடுத்துச் சோதித்ததிலும் புற்று இல்லை. பிறகு அதே வழியில் இரைப்பைச் சுவரில் துளையிட்டு, சிறு குழாய் பொருத்தி நீரை வடித்தார்கள். பின்னொரு நாள் அந்தக் குழாயையும், கல்லோடு பித்தப்பையையும் அகற்றினார்கள்.

வலி போயிற்று. முன்போல் நிமிர்ந்து பூத்தொடுக்கிறாள். அண்ணன் மட்டும் தூணை விட்டுப் போகவில்லை. இப்போது தலையை உயர்த்தி அவளையே பார்க்கிறாராம்.

நான் எழுதிவரும் குடும்பக் குறிப்பில் பாவாடை இறந்த காரணம் 'கணையப் புற்று' என்றிருப்பதை ஒரு நாள் கடையில் அவளிடம் சொன்னேன்.

"அத அடிச்சுடு அண்ணா. குடிக்கறவங்களுக்கும் நீர்க்கட்டி வருமாம், டாக்டரு சொன்னாரு."

"அப்படியானால் என்னவென்று எழுதுவது?"

"எந்தக் கட்டின்னு யாரு பாத்தோம்? அதத்தான் அது தெனம் வந்து கேக்குது."

நான் என்னையறியாமல் திரும்பினேன்.

"தூண் பக்கம் பாக்காத அண்ணா" என்றாள். "உன்னையும் கேக்கும்."