கிழக்கு மூலையில் ஓர் அரக்குச் சேலை

மனு ஒன்று கிடைத்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பதில் தர முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையாவது அதே ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு அலுவலக நாற்காலியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் இந்த விதி எனக்கு மனப்பாடம். இதை மீறாமல் மீறுவது எப்படி என்பதும் மனப்பாடம். இருபத்தொன்பதாம் நாள் "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடும்.

கடலுக்கு அப்பால் எங்கோ உட்கார்ந்து நடத்தப்படும் ஓர் இணையதளத்தை இந்த விதி எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. அது தெரிந்தும் நான் அதற்கு மனு எழுதினேன்.

அந்தத் தளம் எனக்குப் பழக்கமானதே ஓய்வு பெற்ற பிறகுதான். கொடைக்கானல் மலையில் வில்பட்டியில் குடியேறினேன். இங்கே காலை பத்து மணி வரை மேகம் வாசலை விட்டு நகராது. அதுவரை வெளியே போக முடியாது, அனுப்ப வேண்டிய கோப்பும் எதுவும் இல்லை. கைபேசியில் உலகத்து விசித்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கைப்பிடியை உள்பக்கமாக வைத்த தேநீர்க் கோப்பை. எங்கும் போய்ச் சேராத மாடிப்படி. ரோஸ் நிறத் தண்ணீர் நிறைந்த உப்பு ஏரி. செருப்பு வடிவத்தில் கட்டிய வீடு. மற்றவர்கள் வியந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எனக்கோ அந்தச் செருப்பு வீட்டுக்கு வரைபட அனுமதி கொடுத்தவர் யார், பக்கத்தில் விட வேண்டிய இடத்தைக் குதிகாலிலிருந்து அளந்தாரா, விரல் நுனியிலிருந்து அளந்தாரா என்பது தெரியாமல் காபி இறங்காது.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் அந்தத் தளத்தில் எங்கள் ஊர் வந்தது.

மேலிருந்து எடுத்த படம். நாலு பக்கமும் வெள்ளை மேகம், நடுவில் படிப்படியாக இறங்கும் ஒரு காரட் தோட்டம். தோட்டத்தைச் சுற்றிக் கம்பியில் வரிசையாகச் சேலைகள்: மஞ்சள், நீலம், பச்சை, வயலட். கிழக்கு மூலையில் ரத்தச் சிவப்பாக ஒன்று. பார்த்ததும் யாருக்கும் மூச்சு ஒரு நொடி நிற்கும். மலைச்சரிவில் யாரோ பெயர் தெரியாத கலைஞர் செய்த படைப்பு என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே பல நாட்டு ஆட்கள் கூடி அதன் பொருளை விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களின் மௌனம் என்றார் ஒருவர். விடுதலை என்றார் இன்னொருவர்.

அந்தக் கலைஞர் எனக்குப் பக்கத்து வீடு. காட்டுமாடு காரட்டைத் தின்னாமல் இருக்கப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். போன மாதம் விருந்தினர் விடுதியில் தங்கிய யாரோ ட்ரோன் பறக்கவிட்டதும் நினைவுக்கு வந்தது. நிலம் அளக்க அரசாங்கம் அனுப்பியது என்று நினைத்து, தோட்டத்தில் இருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்கள்.

படத்தைக் காட்டியதும் பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தார்.

"மௌனமா? மாட்டை வெரட்டி வெரட்டி எனக்குத் தொண்டையே போச்சு சார்."

அத்தோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் படத்தை ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டேன். அங்கிருந்து அது மலை இறங்கி, பழனி அடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருக்கும் அந்த அம்மாளின் நாத்தனாரின் கைக்குப் போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். தபால் இவ்வளவு வேகமாகச் சேர்ந்ததை என் பணிக்காலத்தில் கண்டதில்லை.

மறுநாள் அந்த அம்மாளுக்கு நாத்தனாரின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் வீடு வரை கேட்டது.

"படத்தை விரிச்சுப் பாத்தேன். கிழக்கு மூலையில தொங்குறது யாரு சேலை?"

"எது மதினி?"

"எதுவா? புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டு. காட்டுமாட்டுக்கு முந்தானை விரிச்சு வச்சிருக்கியாக்கும்."

"ஐயோ, அது ரோஸ் கலரு நைலக்ஸு மதினி. படத்துல அப்படித் தெரியுது."

"கலரு மாறும். கரைகூடவா மாறும்? உன் பொண்ணு கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. நான் வரலை."

தையில் மகளுக்குக் கல்யாணம். பக்கத்து வீட்டு அம்மாளின் கணவர் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்ப்பவர், வாயைத் திறந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தவர் இந்த அக்காதான். அன்று சாயங்காலம் அவர் வாயைத் திறந்தார்.

"அக்கா வந்து மொதச் சீர்த்தட்டு எடுக்கலைன்னா, நான் மணவறையில உக்கார மாட்டேன்."

மறுபடி மூடிக்கொண்டார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அவர் மனைவிக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே அந்த அம்மாள் என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"நீங்கதான படத்தைப் போட்டீக. நீங்கதான் எடுக்கச் சொல்லணும்."

நியாயம்தான். படத்தைப் பெரிதாக்கி ஆராய்ந்தேன். காரட் இலை கிளிப்பச்சையாக இருந்தது, உலகத்தில் எந்தக் காரட்டும் அந்த நிறத்தில் வளராது. மேகத்தின் ஓரத்தில்கூட நீலம் பூசியிருந்தார்கள். நிறத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்பது உறுதி. அப்படியானால் ரோஸ் அரக்காகியிருக்கலாம். படத்தை நீக்கச் சொல்வதை விட, திருத்தாத மூலப் படத்தைக் கேட்டு வாங்குவதே பலமான சான்று என்று முடிவு செய்தேன். பொருள், பார்வை, மூன்று பத்தி, இணைப்பு இரண்டு என்று முறையாக எழுதினேன். அந்தத் தளத்தின் கட்டம் ஐந்நூறு எழுத்துக்கு மேல் வாங்காது என்று தெரிந்தபோது பொருளும் பார்வையும் முடிந்து முதல் பத்தி தொடங்கியிருந்தது. சுருக்கி அனுப்பினேன். ஒரே நொடியில் ஒப்புகை வந்தது: உங்களைப் போன்ற ஆர்வமுள்ளவர்களிடமிருந்து கடிதம் வருவது எங்களுக்கு மகிழ்ச்சி. விதியில் பாதியை அவர்கள் என் அலுவலகத்தை விடச் சிறப்பாகவே நிறைவேற்றினார்கள். மீதிப் பாதிக்கு இரண்டு நினைவூட்டுகள் அனுப்பியும் பதில் இல்லை.

அதற்கிடையில் எளிதான வழி ஒன்று எனக்குத் தோன்றியது.

"அரக்குச் சேலை பீரோவில் இருக்கிறது அல்லவா? எடுத்துக் கட்டிக்கொண்டு ஒரு படம் அனுப்பினால் விஷயம் முடிந்தது."

"சாவி மக கிட்ட இருக்கு சார்."

மறுநாள் மறுபடி கேட்டேன். பீரோக் கதவு ஈரத்தில் இறுகிப்போச்சு என்றார். அதற்கு அடுத்த நாள், சேலை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஒரு கோப்பைப் பற்றி மூன்று நாளில் மூன்று பதில் வந்தால் அது தொலைந்துபோகவில்லை, யாரோ அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். கைத்தடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினேன்.

கிழக்கு மூலைச் சேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தது அப்போதுதான் முதல்முறை. மழையும் வெயிலும் தின்றது போக அது இன்னும் அரக்குதான். கரையைத் தடவினேன். ஜரிகை சொரசொரத்தது. நைலக்ஸில் ஜரிகை வராது. நிமிர்ந்தால், பின்னால் களைக்கொத்தோடு பக்கத்து வீட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"தொட்டுப் பாத்துட்டீகளா?"

"பார்த்தேன்."

"அப்பச் சோலி முடிஞ்சுச்சு."

வரப்பில் உட்கார்ந்து சொன்னார். மாடு எப்போதும் அந்த மூலை வழியாகத்தான் வருமாம். லேசான சேலை காற்றில் ஓயாமல் படபடக்கும், ஒரே வாரத்தில் மாட்டுக்கு அது பழகிவிடும். இந்தப் பட்டு உடுத்தினால் நடக்க முடியாத கனம். பால்காய்ச்சு அன்று உடுத்தியதோடு சரி. கனமாக இருப்பதால் சும்மா தொங்கும். பெருங்காற்று அடித்தால் மட்டும், யாரும் எதிர்பாராத நேரத்தில் ஆள் எழுந்து நிற்பதுபோல ஒரே ஒரு தரம் எழும்பி அறையும். மாட்டுக்கு அது எப்போது என்று கணக்குப் பிடிபடவில்லை.

உலகத்து விசித்திரங்களை அத்தனை நாள் பார்த்தவன் நான். வடிவமைப்பு என்றால் இதுதான் என்று அந்த வரப்பில்தான் தோன்றியது. கூடவே, பொய்யான தகவலின் பேரில் மனு கொடுத்திருக்கிறேன் என்பதும் உறைத்தது.

"இப்பவாவது இறக்கிவிடலாமே?"

"இறக்குனா நாளைக்கே மாடு நிக்கும். காரட்டுப் பிடுங்க இன்னும் ஒரு மாசம் கெடக்கு."

மனுவைத் திரும்பப் பெற அந்தத் தளத்தில் வழி இல்லை. மூலப் படம் வந்தால் அது எங்களுக்கு எதிரான சான்று. பதில் தாமதமாகட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

பதில் வரவில்லை. ஐப்பசி இரண்டாம் வாரம் நாத்தனார்தான் வந்தார். வெள்ளனே பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவு முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மலையேறியவர், மினிபஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்தார்.

"லெட்டர் எழுதுற சாரு நீங்கதானா? இருங்க, உங்களை அப்புறம் பாக்குறேன்."

நேராகத் தோட்டத்துக்கு நடந்தார். தம்பியும் தம்பி மனைவியும் நானும் பின்னால் போனோம். ஸ்தல ஆய்வுக்கு மேலதிகாரி வந்தால் கீழே உள்ளவர்கள் எப்படி நடப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்றும் அதே நடைதான். மூலையில் அவர் நிற்பதற்கு முன்பே பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லிவிட்டார்.

"உங்க சேலைதான் மதினி. பொய் சொல்லிட்டேன்."

கணவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், ஊருல வேற சேலையே இல்லையா?"

"எல்லாத்தையும் கட்டிப் பாத்தேன் மதினி. இந்த மூலையில எதைக் கட்டுனாலும் முட்டித் தள்ளிட்டு வந்துருச்சு. இதைக் கட்டுன அன்னையிலருந்து வரலை."

"வரலையா?"

"ஒரு நாளுகூட வரலை. அந்தா, தடத்தைப் பாருங்க."

ஈர மண்ணில் குளம்புத் தடம் நேராக வந்து, சேலைக்கு இருபதடி முன்னால் நின்று, அப்படியே காட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. நாத்தனார் குனிந்து பார்த்தார். சேலையைப் பார்த்தார். மறுபடி தடத்தைப் பார்த்தார்.

"அதே பால்காய்ச்சுக்கு உங்கம்மா எடுத்த பச்சைப் பட்டை எங்க கட்டியிருக்கே?"

பக்கத்து வீட்டு அம்மாள் தயங்கினார். "மொதல்ல இங்க கட்டுனது அதைத்தான்."

"சரி?"

"கொம்புல மாட்டிக்கிட்டுப் போயிருச்சு."

"கொம்புலயா?" நாத்தனார் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப உங்கம்மா சேலையைக் கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள ஒண்ணு திரியுதுன்னு சொல்லு!"

சிரிப்பில் கையிலிருந்த எலுமிச்சை பாத்தியில் உருண்டது. தம்பி ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார்.

"நான் எடுத்தது நின்னுச்சு," என்றார் நாத்தனார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதை இன்னும் இரண்டு தரம் சொன்னார். "எனக்குப் பொய் சொன்னதுலதான் கோவம். வேலியில கட்டுனதுல என்ன இருக்கு?"

முதல் வாக்குமூலத்துக்கு இது முற்றிலும் முரண். நான் குறுக்குவிசாரணை செய்யவில்லை.

தட்டு எடுக்க வருவதாக அவர் ஒப்புக்கொண்டது காபி குடிக்கும்போது. ஒரு நிபந்தனையோடு.

"சார், அந்தப் படத்துக்குக் கீழ யாரோ செஞ்சதுன்னு போட்டிருக்கானாமே? நாத்தனா எடுத்துக் கொடுத்த சேலைன்னு எழுதச் சொல்லுங்க. வெரசா எழுதச் சொல்லுங்க."

ஐந்நூறு எழுத்துக்குள் அடக்கி எழுதினேன். காட்டுமாடு, வேலி, கட்டியவர், கிழக்கு மூலை, சேலை எடுத்துக் கொடுத்த நாத்தனார். முந்தைய மனுவைக் கைவிட்டதாகக் கருதும்படியும் ஒரு வரி சேர்த்தேன். ஒரு நொடியில் ஒப்புகை வந்தது. பிறகு ஐப்பசி போனது, காரட் பிடுங்கி முடிந்தது, கார்த்திகையும் மார்கழியும் போயின.

பழனியில் கல்யாண மண்டபம். நாத்தனார் முதல் தட்டோடு முன்னால் வர, தம்பி மணவறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்து பந்திக்கு இலை போடும்போது என் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம், தகவலுக்கு நன்றி, திருத்திவிட்டோம் என்றது கடிதம். படத்தைத் திறந்தேன். அதன் கீழே இப்போது இப்படி இருந்தது: தமிழ்நாட்டு மலைகளில் பயிரைக் காக்கும் வேலிக்கு நாத்தனார்கள் பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் தமிழில் சொன்னேன். ஒரு தரம் கேட்டுவிட்டு, இன்னொரு தரம் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பந்தியே திரும்பியது.

"சரியாத்தான் போட்டிருக்கான்," என்றார். "இதுல திருத்துறேன்னு நீங்க ஒண்ணும் எழுதிப்புடாதீக."

எழுதவில்லை. பதில் கிடைத்த நாள்: தை பன்னிரண்டு.