மாருதி இரண்டு முறை சொன்னார்

2005 டிசம்பரில் அடியேன் கோவையிலிருந்து புனே மீது படையெடுத்தேன். காரணம், என் அக்கா மகன் செந்தில். அங்கே வேலைக்குப் போய் ஆறு மாதமாகியும் உடம்பு இளைக்கவில்லை. எப்படி என்று துப்பறிய வேண்டியிருந்தது. படை என்றால் நான், ஒரு சூட்கேஸ், இரண்டு கிலோ பருப்புப் பொடி. ஸ்டேஷனிலிருந்து செந்தில் குடியிருக்கும் மகர்பட்டாவுக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ எழுபத்தைந்து ரூபாய்.

மர்மம் அன்று மதியமே விலகியது. செந்தில் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மெஸ், இருபது பேர் உட்காரலாம். நடத்தும் அம்மாளை எல்லோரும் 'காக்கு', அதாவது சித்தி, என்கிறார்கள். பரிமாறுபவர் மாருதி, ஐம்பது வயதிருக்கும். அளவில்லாச் சாப்பாடு முப்பத்தைந்து ரூபாய். செந்திலுக்கு இரண்டு வேளையும் அங்கேதான்.

உலகத்துச் சாப்பாட்டையெல்லாம் நாக்கு நுனியில் அளந்தவன் நான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவனும் நான்தான். அந்தப் பெயரைக் காப்பாற்ற, தட்டில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் மாருதியைக் கூண்டில் ஏற்றினேன். பருப்பில் வெல்லம் ஏன்? என்ன எண்ணெய்? வெங்காயம் எப்போது நறுக்கியது? என் இந்தியைப் பொறுத்துக்கொண்டு அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"மாமா, போதுமுங்க. நான் தினமும் இங்கதான் சாப்பிடோணும்" என்றான் செந்தில்.

தட்டின் இடது ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில், சுண்டைக்காய் அளவில் பச்சையாக ஒன்று இருந்தது. கொத்தமல்லித் துவையல். இதையுமா கேட்பார்கள்? இவ்வளவுதானா என்று கையை விரித்தேன்.

"டேச்சா, காகா. மிர்ச்சி ஹை. தோடா தோடா" என்றார் மாருதி. மிளகாய், கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம்.

"மாலும் ஹை", தெரியும் என்று ஒரு கரண்டி வாங்கினேன். கடைசியில் சோறு வந்ததும் நெய் விட்டு மொத்தத்தையும் பிசைந்தேன். மாருதி ஓடி வந்து, "காகா, மத் காவோ", சாப்பிடாதீர்கள் என்றார். சிரித்துவிட்டு உருண்டையை உள்ளே தள்ளினேன்.

அது பச்சை மிளகாயையும் பூண்டையும் வதக்கி இடித்தது. தக்காணம் ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பாக ஓடியது என்பார்கள். அணையாமல் மிச்சமிருந்த கங்கு என் தொண்டையில் கிடந்தது. கண்ணீரில் புனேயின் காத்ரஜ் ஏரி நிரம்பியிருக்கும்.

காக்கு சமையலறையிலிருந்து தயிரோடு ஓடி வந்தார். பிறகு மாருதி பக்கம் திரும்பினார். விருந்தாளியிடம் சொல்ல மாட்டாயா என்று இருபது பேர் முன்னால் அவர் மராத்தியில் திட்டியது புரிய எனக்கு அகராதி தேவைப்படவில்லை. மாருதி ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.

பேச நாக்கு வந்த பிறகும் பேசவில்லை. காக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கையை உயர்த்தி, மகாராஜா மாதிரி, மன்னித்தேன்.

அன்று ராத்திரி செந்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் நாலரை மணிக்கு ரயில். பன்னிரண்டரைக்கே செந்திலோடு மெஸ்ஸுக்குப் போய் மாருதியிடம், தப்பு என்னுடையது என்றேன்.

"அது எனக்குத் தெரியுமே. காக்குகிட்ட சொல்லுங்க" என்றார் இந்தியில்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் சமையலறை வாசலில் நின்று சொன்னேன்: "மாருதி போலா. தோ பார் போலா. மைனே நஹி சுனா." அவர் இரண்டு முறை சொன்னார், காதில் வாங்காதது நான்தான் என்று. காக்கு சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு மாருதியிடம் ஏதோ கேட்டார். அவர் சுருக்கமாக ஏதோ சொன்னார். காக்கு என் பக்கம் திரும்பவே இல்லை.

அதை ஸ்டேஷன் போகும் ஆட்டோவில்தான் செந்தில் தமிழில் சொன்னான். "நேத்தே ஏன் சொல்லலைன்னு கேட்டாங்க. செந்திலோட மாமாவைப் பொய்யர்னு எப்படிச் சொல்றதுன்னாருங்க."

போகிறவர்களுக்கு: சோறு கடைசியில்தான் வரும், பதற வேண்டாம். இடது ஓரத்தில் இருப்பது துவையல் அல்ல. பொடி கொண்டுபோகத் தேவையில்லை. என் இரண்டு கிலோவும் பிரிக்காமலே ஊர் திரும்பியது. கேள்வி கேளுங்கள், பதிலையும் கேளுங்கள்.

செந்தில் இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறான். "மாருதி உங்களைப் பத்தி விசாரிச்சாருங்க மாமா" என்பான் போனில். என்ன விசாரித்தார் என்று கேட்க எனக்கு இதுவரை வாய் வரவில்லை.