கோட்டைக்காரர் வருகிறார்

போன கிழமை எங்கள் அத்தான் வீட்டுக்கு ஒரு ராஜா வந்தார்.

தெல்லிப்பழை முழுக்க அப்படித்தான் கதை. பரப்பியவர் வேறு யார்? அத்தானேதான்!

அத்தான் என் அக்காவின் கணவர். இளைப்பாறிய தமிழ் வாத்தியார். செக் நாட்டில் வேலை செய்யும் அவர் மகள் ஆரணி, அந்த நாட்டுப் பொடியனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆறு மாதமாக அத்தான் அசையவில்லை. ஒருநாள் போனில் ஆரணி சொன்னாள்: "அவையள் சின்னக் கோட்டை ஊர், அப்பா. அவரின்ரை தகப்பன் கோட்டையிலைதான் இருக்கிறார்."

கோட்டையிலா? அத்தான் அன்றே இளகிவிட்டார். வாத்தியார் ராஜ வீட்டில் பெண் கொடுக்கப் போகிறாராம்... அடுத்த நாளே ஊர் பேசியது.

மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. தகப்பன்தான் ஆரணியோடு வந்து இறங்கினார். ஆறடிக்கு மேல். அரைக் காற்சட்டை. நெஞ்சைத் தொட்டு "யான்" என்றார்.

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியே... செந்தமிழ் கதைக்கிறார்!"

"அது அவரின்ரை பேர், அப்பா."

புட்டைச் சாப்பிட்டபடி யான் போனில் தன் ஊரைக் காட்டினார். ஆரணி மொழிபெயர்த்தாள். குன்றின் மேல் கோட்டை. வட்டக் கோபுரம். கீழே வளைந்தோடும் ஆறு. சதுக்கத்தின் நடுவே, கொள்ளைநோய் ஓய்ந்ததற்கு நன்றியாக நட்ட தூண். அகழியில் தண்ணீர் இல்லை — கரடி!

"எத்தினை வளக்கிறார்?" என்றார் அத்தான்.

"ரெண்டு."

அத்தான் என் காதைக் கடித்தார். "எங்களிட்டை ஆடுதான் எண்டு சொல்லிப்போடாதை."

மறுநாள் அவரை யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிப்போனோம். ஏன் இதற்கு ஐந்து மூலை என்று கேட்டார் யான். அத்தான் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அறுபது வயதுவரை கோட்டையைப் பஸ் யன்னலால் மட்டுமே பார்த்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது?

யான் கையிலிருந்த மடித்த குடையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். பின்னுக்கு நடந்தபடியே விளக்கத் தொடங்கினார். ஒரு மூலையின் பீரங்கி அடுத்த மூலையின் சுவரைக் காக்குமாம்! ஆரணி தமிழில் சொல்லச் சொல்ல, இருபது பேர் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் அத்தானின் தோளைத் தட்டினார். "அண்ணை, உவர் வடிவாச் சொல்லுறார். நாளைக்கும் வருவாரோ?"

ஆரணி சிரித்தாள். "உவருக்கு இதுதானே வேலை! முப்பது வருசமாக் கோட்டையிலை கைட்."

அத்தான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப... கோட்டை?"

"அரசாங்கத்தின்ரை."

"கரடி?"

"அதுவும்தான்."

கலியாணம் கவிழ்ந்தது என்றே நினைத்தேன். யான் பக்கத்தில் வந்து அமர்ந்து, காற்சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். ஒரு சாண் நீள இரும்புத் திறப்பு!

"பின்னேரம் கோட்டைக் கதவு பூட்டுறது இவர்தான்," என்றாள் ஆரணி. "அவசரத்திலை கையோடை கொண்டந்திட்டார். அங்கை இப்ப கதவு திறந்தபடி கிடக்காம்."

யானின் முகம் சிவந்துபோயிற்று. அத்தான் அந்தத் திறப்பை இரு கையாலும் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

நாங்கள் திரும்பியபோது வீட்டுப் படலையில் நாலைந்து பேர் ராஜாவைப் பார்க்கக் காத்து நின்றார்கள். "வாத்தியார், உவர் உண்மையா ராசாவோ?"

"ராசாமார் எல்லாம் எப்பவோ போயிட்டினம்," என்றார் அத்தான். "திறப்பு இப்ப எங்கடை சம்பந்தியிட்டை!"

சம்பந்தி! அந்தச் சொல் விழுந்ததுமே அக்கா சுவர்க் கலண்டரை இறக்கிவிட்டாள்.

ஆண்கள் கோட்டை பிடிக்கட்டும்... முகூர்த்தம் பிடிப்பது பெண்கள்தானே!