காலடிப்பேட்டை நிறுத்தத்தில் பூரணம்

கண்டக்டர் வேலையில் முதலில் நோவது கால் என்பார்கள், தப்பு, காதுதான். சில்லறைச் சண்டை, ஜன்னல் சண்டை, சீட்டுச் சண்டை எல்லாம் அதில்தான் வந்து விழும். தினமும் நசுங்கிக்கொண்டே வேலைக்குப் போகிற உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் போகும் என் பஸ்ஸில், காது குளிரப் பேசுகிற ஒரே ஆள் பூரணம். நரிக்குறவர்; பாசிமணி கோத்து விற்பவர்.

நிற்காத பஸ்

பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று வந்த பிறகும், காலடிப்பேட்டையில் பூரணமும் அவர் கூட்டாளி கோமதியும் மட்டும் நின்றால் சில பஸ்கள் நிற்பதில்லை. மூட்டை, நாற்றம், ஓசி என்று ஆளுக்கொரு சாக்கு. எங்கள் டிரைவரும் ஒருநாள் பார்க்காததுபோல வண்டியை ஒடித்தார். பூரணம் இடுப்பில் கைவைத்து நடுரோட்டில் வந்து நின்றுவிட்டார். பிரேக் போட்ட வேகத்தில் நான் கம்பியில் போய் மோதினேன். டிரைவர் வாயைத் திறப்பதற்குள் பூரணம் சொன்னார்:

“என் மேல ஏத்துனா எப்டியும் நிறுத்தித்தானே ஆவணும்? அத்த இப்பவே நிறுத்து சாமி!”

காலியான சீட்

ஏறிய பிறகு இன்னொரு கூத்து. பூரணம் உட்கார்ந்ததும் பக்கத்து சீட் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “இவங்கள கீழ உக்காரச் சொல்லுங்க” என்றார். “சீட்டு எல்லாருக்கும்தாம்மா” என்றேன். அவர் விருட்டென்று எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முகம் சுட்டது. பூரணமோ பின்னால் திரும்பிக் கூப்பிட்டார்:

“கோமதி, ஓடியா! அக்காவுக்கு நல்ல மனசு, ஒனக்கு எடம் வுட்டுட்டாங்க!”

ஊறுகாய் டப்பா

இது இன்னொரு நாள் நடந்தது. தண்டையார்பேட்டை தாண்டும்போது ஆபீஸ் போகிற ஒரு அம்மா, “ஐயோ, என் செயின்!” என்று அலறினார். அவர் கழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே மொத்த பஸ்ஸும் பூரணத்தைப் பார்த்தது. “நேரா ஸ்டேஷனுக்கு வுடு!” என்றார்கள். ஸ்டேஷன் என்றால் எங்களுக்கு ஒரு மணி நேரம் வீண். பூரணத்துக்கு அப்படியில்லை. முடியாத கேஸை போலீஸ் நரிக்குறவர்கள் தலையில் கட்டுவது புதிதில்லை. அவர் புருஷன் அப்படித்தான், செய்யாத திருட்டுக்கு ஜெயிலில் இருந்து வந்தவர். பூரணம் மூட்டையை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டார்.

நான் விசிலடித்து வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். அதற்குள் முன்சீட் ஆள் ஒருவர் மூட்டையைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டார். சிவப்பும் பச்சையுமாக மணிகள் டிரைவர் சீட் வரை ஓடின. நாலைந்து கைகள் மூட்டைக்குள் துழாவின; நகை மட்டும் இல்லை. பூரணம் அந்த அம்மாவைப் பார்த்து, “என் மூட்டைய கொட்டியாச்சு. இப்ப ஒன் கூடையத் தொறம்மா” என்றார். யாரோ முணுமுணுத்தார்கள். “தொறங்கம்மா” என்று நானும் சத்தமாகச் சொன்னேன்.

சாப்பாட்டுக் கூடையில், ஊறுகாய் டப்பாவுக்கு அடியில், கைக்குட்டையில் முடிந்து கிடந்தது செயின். பஸ்ஸில் திருடு போகும் என்று பயந்து காலையில் அவரே கழற்றி வைத்தாராம்! “சாரி, மறந்துட்டேன்” என்றார். ஆளாளுக்கு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். டிரைவர் கியரைப் போட்டார்.

பூரணம் நகரவில்லை. சீட்டில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

“வண்டிய எடுக்காத சாமி. என்னியத் தேடுன கையி இத்தினி கீதே, எல்லாம் கீழ குனிஞ்சு என் மணியப் பொறுக்கிக் குடுக்கட்டும். கலர் கலரா பிரிச்சுக் குடுக்கணும்.”

‘உள்ளே தள்ளிப் போங்க’ என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஓரடி நகராத அந்தக் கூட்டத்தை, உட்கார்ந்த இடத்திலிருந்தே மொத்தமாகக் குனியவைத்தவர் இந்த ரூட்டிலேயே பூரணம் ஒருவர்தான்.